குழாய் போகும் இடம்

சுவரை அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. முனையைக் கதவு நிலையில் ஒட்டிவிட்டு ஜன்னலை நோக்கி நடந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே இருக்கும் நீளமான நடைவழி அது. சுவரின் ஒரு கோடியில் ஸ்கேன் அறைக் கதவு. மறுகோடியில் ஜன்னல். நடுவே சுவரை ஒட்டி, ஒரே கம்பியில் பிணைத்த இரும்பு நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே டேப்பை இழுத்தபோது ஒவ்வொருவராகக் குனிந்து வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் குனியவில்லை. கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார். டேப்பை அவர் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தாண்டினேன்.

அந்தச் சுவரில் எல்லாரும் அப்படித்தான் சாய்வார்கள். வெளிர் மஞ்சள் பெயிண்ட். நாற்காலி முதுகுகளுக்கு மேலே, உட்கார்ந்தவர் தலை போய்த் தொடும் உயரத்தில், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கறை. நடுவில் கருத்து, ஓரத்தில் பழுப்பாகக் கரைந்த எண்ணெய்ப் பிசுக்கு. துணி வைத்துத் துடைத்தால் இன்னும் கொஞ்சம் பரவும். பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் மேலே வந்துவிடும். அது அசிங்கமாக இருக்கிறது என்றுதான் ஆஸ்பத்திரியில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, உடைந்த டைல்ஸ் சில்லுகளை ஒட்டி ஒரு பெரிய படம் செய்வது. அதைச் சுவர் முழுக்கப் பதிப்பது. முதலில் சுவரை அளந்து வரைபடம் போட வேண்டும். நான் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உனக்கு அந்த ஆஸ்பத்திரி நல்லா பழக்கமாச்சேப்பா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மேசையில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். நான் சரி என்றேன்.

கதவுப் பக்கத்திலிருந்து மூன்றாவது கறை என் மனைவியுடையது.

அவளுடையது மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னாலும் அந்த நாற்காலியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போதும் உட்கார்கிறார்கள். ஆனால் அவள் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்தாள். காத்திருக்கும்போது பேச மாட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து விட்டத்தைப் பார்ப்பாள். நான் எதிர்ச்சுவரில் முதுகை வைத்து நின்று அவளைப் பார்ப்பேன். அவள் போன பிறகு துணிகளை அத்தை, அவளுடைய அம்மா, யாருக்கோ கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையணையைத் தூக்கிப் போட்டார்கள். அதற்கும் சொல்லவில்லை. போனில் அவள் படங்கள் நிறைய உண்டு. பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. எல்லாவற்றிலும் கேமராவுக்காகச் சிரிக்கிறாள். சுவரில் இருக்கும் கறை அப்படி அல்ல. யாருக்காகவும் வைத்தது அல்ல. அவளுக்கே தெரியாமல் விழுந்தது. இறந்து ஒரு மாதம் கழித்து, வேறு எதற்கோ அந்தப் பக்கம் போனபோது அதைப் பார்த்தேன். அதன் பிறகு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இறங்கி, சும்மா ஒரு தடவை அந்த நடையில் நடந்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. காவலாளி எதுவும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் சும்மா நடப்பவர்கள் நிறைய.

அன்று சுவரின் அளவோடு அந்தக் கறையின் அளவையும் எடுத்துக்கொண்டேன். நிலையிலிருந்து எவ்வளவு தள்ளி, தரையிலிருந்து எவ்வளவு உயரம்.

படத்துக்கான கூட்டம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பழைய சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர்தான் எல்லாவற்றுக்கும் தலைமை. குள்ளமான உருவம். கண்ணாடி மூக்கின் நுனியில் இருக்கும். அதற்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். என்ன படம் போடுவது என்பதில் பெரிய சண்டை. ஒருவர் புறா வேண்டும் என்றார். ஒருவர் ஆறு, ஆற்றில் படகு. ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருப்பவர், மொசைக் என்றால் தரையில் போடுவதுதானே, சுவரில் போட்டால் எப்படி நடப்பது என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். கடைசியில் டீச்சர் சொன்னதுதான் நின்றது. ஒரு தெரு. தெரு நெடுக வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. அவரவர் வீட்டை அவரவர் ஒட்டிக்கொள்ளலாம்.

கொத்தனாரும் வந்திருந்தார். டைல்ஸ் வேலையில் பழக்கமானவர். வாய் ஓயாதவர். சுவர் வேலை பற்றி அவர் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். எண்ணெய் ஏறிய சுவரில் பசை பிடிக்காது. மேலே இருக்கும் பூச்சு மொத்தத்தையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டுப் புதுசாகப் பூச வேண்டும். ஒரு அங்குலம் விடக்கூடாது.

அதற்கு முன் நான் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. படத்துக்குப் பின்னால் சுவர் அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூடினாலும் உள்ளே இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு மாதிரி சமாதானமாகி வந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து யாரோ தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்கள்.

"ஒரு எடத்துல கொத்த முடியாது" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"சுவத்துக்குள்ள குழாய் போகுது. அந்த எடத்துல ஒரு அடிக்கு ஒரு அடி விட்டுடணும். நாளைக்கு ரிப்பேர்னா திறக்கணும்ல."

பொய் தானாக வந்தது. அந்தக் கட்டடம் பழையது. அதற்கு வரைபடமே கிடையாது. நான் போடுவதுதான் வரைபடம். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, தெரு என்றால் ஒரு காலி மனை இருக்கத்தான் செய்யும், வீடுகளுக்கு நடுவில் காலி மனையாக விட்டுவிடலாம் என்றார்.

"அந்த மனையை என் பேருக்கு எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஆஸ்பத்திரிக்குள்ளயே கடை போட்டுடறேன்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கொத்தனாரைத் தனியாகப் பிடித்து, பூச்சை உடைக்காமல் ஒரு பகுதியை முழுசாகப் பெயர்த்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

"கேக்கா சார் அது, துண்டு போட்டு எடுக்க? கை வெச்சா மாவு."

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது அந்தக் காலி மனை ஒன்றுதான்.

வேலை நடக்கும் முறையை டீச்சர் எனக்கு விளக்கினார். சில்லுகளை நேராகச் சுவரில் ஒட்ட மாட்டார்கள். படத்தை முதலில் காக்கித்தாளில் வரைவார்கள். சில்லின் பளபளப்பான முகம் தாளைப் பார்க்க, மைதாப் பசையால் கவிழ்த்து ஒட்டுவார்கள். சுவரில் ஏற்றும்போது தாள் வெளியே பார்க்கும், சில்லுகளின் முதுகு சுவரில் பதியும். காய்ந்ததும் தண்ணீர் தெளித்துத் தாளை உரித்துவிட்டால் முகம் தெரியும். அதனால் தாளில் இடப்பக்கம் இருப்பது சுவரில் வலப்பக்கம் வரும்.

எனக்குப் புரிந்தது. அலுவலகத்தில் தெரு முழுவதையும் சுவரின் அளவுக்கே கணினியில் வரைந்தேன். காலி மனையை, எடுத்த அளவின்படி, கதவிலிருந்து மூன்றாவது கறையின் மேல் வைத்தேன். பிறகு மொத்தப் படத்தையும் இடம் வலமாகத் திருப்பிப் பெரிய தாளில் அச்செடுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. சுருட்டிக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தேன். அவர் நன்றி தம்பி என்றார். நான் தலையாட்டினேன். திருப்பிவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இது அவசியம் என்று தோன்றவில்லை. தாளில் வேலை செய்பவர்கள் யாருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

டீச்சரும் கவனமானவர். பள்ளியில் பல வருஷம் இதையே செய்தவர். என் தாளை வாங்கி, கூடத்தின் கண்ணாடிக் கதவில் முதுகுப்புறம் தெரிய ஒட்டி, வெளிச்சத்தில் தெரிந்த கோடுகளைப் பின்பக்கத்திலிருந்து காக்கித்தாளில் நகல் எடுத்தார். அதாவது அவரும் ஒரு தடவை திருப்பினார். அவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லாத ஆளிடம் யார் என்ன சொல்வார்கள்.

இது எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காக்கித்தாளை வீடு வீடாக வெட்டி, பின்னால் எண் போட்டு, தனித்தனி மேசைகளில் பரப்பிவிட்டார்கள். முழுத் தெருவையும் ஒன்றாக யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் நானும் அத்தையும் மட்டும். தன் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது பார்த்துக்கொள்ள வந்தவள். எல்லாம் முடிந்த பிறகு அவள் போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவளுடைய மகன் அவ்வப்போது போன் செய்து, "மருமகன் வீட்ல எத்தனை நாளைக்குமா உக்காந்திருப்பே" என்று கேட்பான். போன் சத்தம் வெளியே கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. "இதோ, இந்த மாசம்" என்பாள். எனக்குத் தட்டு வைப்பாள். நான் சாப்பிடுவேன். இரண்டு பேருக்கும் பேச ஒரே விஷயம்தான் இருந்தது. அதைப் பேசுவதில்லை.

ஒரு நாள், "டீச்சரம்மா வீடு ஒட்டக் கூப்பிட்டாங்க. போய்ட்டு வரட்டுமா மாப்ளே?" என்றாள்.

போங்க அத்தை என்றேன். அதிலிருந்து தினமும் மத்தியானம் போனாள். திரும்பி வரும்போது விரல் நுனிகளில் மாவு காய்ந்திருக்கும். சில்லை இடுக்கியால் கடித்து உடைக்கும்போது தெறித்து விழுந்த துகள்கள் புடவை மடிப்பில் இருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேசுவதை, நான் கேட்காமலே, சாப்பாடு போடும்போது சொல்வாள். தையல்காரர் மனைவி தன் வீட்டுக்கு மாடி கட்டிவிட்டாள். நிஜத்தில் கூரைகூட ஒழுகுகிறதாம். மருந்துக்கடைக்காரர் காலி மனைக்குப் பக்கத்து வீட்டைக் கேட்டாராம், நாளைக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று. டீச்சர் தரவில்லை. அதை அத்தை கேட்டு வாங்கிவிட்டாள்.

"எதுக்கு அத்தை அதைப் போய்?"

"சும்மாதான்" என்றாள். குழம்புக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் அதோடு விட்டுவிட்டேன். எனக்கு அந்த நாட்களில் ஒரே பயம். யாராவது வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, இங்கே குழாய் எங்கே என்று கேட்டுவிடுவார்களோ என்று. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கறை இருக்கும். அதன் கீழே யாரோ ஒருவர் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை அந்த நாற்காலி காலியாக இருந்தது. உட்காரலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. அந்தச் சுவரில் என் தலை பட்டுவிடும் என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் அறை கிடையாது. அன்று சுவரைக் கொத்துவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் நான் போய், நாற்காலிகளை நகர்த்தச் சொல்லி, கறையைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டேன். உள்ளே 'விடவும்' என்று எழுதினேன். அது போதும் என்று நினைத்தேன். ஞாயிறு காலை சீக்கிரம் போகவில்லை. சுத்தியல் சத்தத்தைக் கேட்க வேண்டாம் என்றுதான். வீட்டில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்தேன். போன் எங்கேயோ கிடந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் துள்ளி எழுவேன். முடிந்த பிறகு மணிச் சத்தத்தை அணைத்து வைத்தவன் திரும்பப் போடவே இல்லை.

போனபோது நடை முழுக்க வெள்ளைத் தூசி. கொத்தனாரும் இன்னொருவரும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். தரையில் சாக்குகள் விரித்து, அதன்மேல் காக்கித்தாள் பகுதிகளை எண் வரிசைப்படி சுவரோரமாக அடுக்கியிருந்தார்கள். முதல் தடவையாகத் தெரு முழுசாக இருந்தது. சுவர் கதவு நிலையிலிருந்து சிவப்புச் செங்கலாக இருந்தது. முதல் கறை இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது இல்லை. செங்கல் இடுக்குகளில் உளி பட்ட வெள்ளைக் கோடுகள். நான் அங்கே கையை வைத்தேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே கண்ணை ஓட்டிக்கொண்டு போனேன். வெகுதூரம் தள்ளி, ஜன்னல் பக்கத்திலிருந்து மூன்றாவது கறையைச் சுற்றி மட்டும், ஒரு அடிக்கு ஒரு அடி, மஞ்சள் பெயிண்ட் அப்படியே இருந்தது. தூசி படாமல் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள்கூட ஒட்டியிருந்தார்கள்.

"வாங்க சார்" என்றார் கொத்தனார். "நல்லவேளை, டீச்சர் வந்தாங்க. நீங்க போட்டிருந்த கட்டம் எடம் மாறிப் போச்சு. தாளை விரிச்சுப் பாத்தா காலி மனை அந்தக் கோடில வருது. ரெண்டு தடவை போன் அடிச்சேன், எடுக்கலை. அப்புறம் டீச்சர்தான், அவரு வேலை நெருக்கடில மாத்திப் போட்டிருப்பாரு, தாள்படியே செய்ங்கன்னாங்க."

டீச்சர் பக்கத்தில் வந்து, பதறாதீங்க தம்பி, இதெல்லாம் சகஜம் என்பது போல என் கையைத் தட்டினார். நான் திருப்பி அச்செடுத்தேனா என்று அவர் கேட்கவில்லை. நானாகவே, "நீங்க திருப்பி வரைஞ்சீங்களா?" என்றேன்.

"பின்னே? கண்ணாடில ஒட்டித்தானே எடுத்தேன்."

இரண்டு தடவை திருப்பியது திருப்பாதது போலாகி, சுவரில் காலி மனை மறுகோடிக்குப் போய்விட்டது. சொல்லியிருந்தால் ஒரே வாக்கியம். நான் அவரிடமோ, அவர் என்னிடமோ. தாளில் இருந்தது வெறும் தெரு. எழுத்தோ கடிகாரமோ கிடையாது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெருவேதான். இடம் மாறியது யாருக்கும் தெரியப் போவதில்லை. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

"நீங்க சொன்ன எடத்துல கொத்திப் பாத்தேன் சார், குழாயே இல்ல" என்றார் கொத்தனார். அவர் குரலில் என்னைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் இருந்தது. "அப்பவே டீச்சர் சொன்னது சரின்னு தெரிஞ்சு போச்சு. பிளாஸ்டிக் ஒட்டின எடத்துல உளியே வெக்கலை. பட்டிருந்தா பீச்சி அடிச்சிருக்கும்."

கொத்தின பூச்சு எங்கே என்று கேட்டேன். பின்பக்கம், மூட்டையாக என்றார்.

பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தை ஒட்டி மூட்டைகள் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி. முதல் மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை விட்டேன். பெரும்பாலும் மணல். நடுநடுவே விரல் அளவுத் துண்டுகள். மஞ்சள் பெயிண்ட் உள்ளவற்றைத் தனியாக வைத்தேன். அதில் பழுப்பு உள்ளவற்றை இன்னும் தனியாக. பழுப்புத் துண்டுகள் நிறைய இருந்தன. அந்தச் சுவரில் தலை சாய்த்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனேன். சுண்ணாம்பு வாசனை. இன்னொன்று. அதுவும் சுண்ணாம்பு. இரண்டாவது மூட்டையைக் கவிழ்த்தேன். துண்டுகளைத் தரையில் அடுக்கிப் பார்த்தேன். ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. துவைக்கும் இடத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இதெல்லாம் நடக்கும் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது மூட்டையில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு துண்டு கிடைத்தது. நடுவில் நன்றாகக் கருத்திருந்தது. இதுதான் என்று நினைத்தேன். நினைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"மாப்ளே."

அத்தை நின்றாள். தாள் பகுதிகளைத் தூக்க உதவி செய்யப் பெண்களோடு வந்திருந்தாள் போல. நான் துண்டைச் சட்டைப் பையில் போட்டேன். முட்டிவரை வெள்ளையாக இருந்தேன். பேனா விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன்.

அவள் மூட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேனா கெடக்கட்டும். வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றாள்.

நடையில் கொத்தனாரும் மற்றவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். டீச்சர் வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அத்தை ஜன்னல் பக்கம்வரை நடந்து, அந்தச் சதுரத்தின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு ஓரமாக உரித்தாள். மெதுவாக, காயத்தில் ஒட்டிய துணியை எடுப்பது போல.

"குழாய்னு நீங்க கூட்டத்துல சொன்னதா டீச்சரம்மா சொன்னாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றாள். "அதான் பக்கத்து வீட்டைக் கேட்டு வாங்கினேன். யாருக்கும் சொல்லலை. உங்ககிட்டயும் சொல்லலை. நீங்களா செய்றதை நான் ஏன் கெடுக்கணும்."

பிளாஸ்டிக் தாளை இன்னும் கொஞ்சம் உரித்தாள்.

"நேத்து சாயங்காலம் வந்து பாத்தேன். சாக்கட்டியால கதவுப் பக்கம் கட்டம் போட்டிருந்துச்சு. எனக்கு உயிரே போச்சு. ஆம்பளைங்க எங்க கவனிக்கப் போறாங்க, எடத்தை மாத்திட்டாரேன்னு. ராத்திரி பூரா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். காலைல வந்தா, சரியா அவ எடத்துலயே விட்டுட்டாங்க."

"அத்தை, அவ கதவுப் பக்கந்தானே..." என்றேன்.

"எந்தக் கதவு? வெளிச்சம் வேணும்னு ஜன்னல் ஓரமாத்தானே உக்காருவா. கூப்பிட்டதும் இங்கேந்து எழுந்து அந்தக் கோடிவரைக்கும் நடந்து போறதுக்குள்ள எவ்ளோ தவிச்சுப் போவா. நான்தானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

எனக்கு நினைவிருப்பது வேறு. நர்ஸ் கதவைத் திறந்து பெயரைச் சொல்வாள். இவள் உடனே எழுந்திருப்பாள், இரண்டு எட்டில் உள்ளே போய்விடுவாள். திரும்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது. கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால்தானே அது. அல்லது அது ஆரம்பத்திலா, நடக்கத் தெம்பு இருந்தபோது? கண்ணை மூடி, மனசுக்குள் எதிர்ச்சுவரில் போய் நின்று பார்த்தேன். அவள் உட்கார்ந்திருக்கிறாள். தலை சாய்ந்திருக்கிறது. ஒரு கன்னத்தில் வெளிச்சம் விழுகிறது. எந்தக் கன்னம் என்று பார்க்கப் பார்க்க முகம் திரும்பிக்கொண்டது. இந்தப் பக்கம் வைத்தாலும் அவளாக இருந்தாள். அந்தப் பக்கம் வைத்தாலும் அவளாக இருந்தாள். அளந்து எழுதியது எல்லாம் சுவரின் அளவு. அவளை எங்கே வைத்தேன் என்பது என் மண்டைக்குள் இருந்தது. அதை நான் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கேட்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். தினமும் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் துண்டை உதறிக்கொண்டு வந்தார். கையில் வாளியும் கலக்கும் கம்பியும். பூச்சை இன்றே முடித்துவிட வேண்டும், நாளைக்கு நாற்காலிகள் வந்துவிடும் என்றார். பிறகு சதுரத்தைக் காட்டி, "பாத்துக்குங்க சார். இந்தக் கோடில இருக்கறது சரிதானே? ஆரம்பிச்சுட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றார்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. நாற்காலிகள் இல்லாததால் அந்தக் கறை நின்றவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். உயரம் கொஞ்சம் குறைந்தது. பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்து, மோவாயைத் தூக்கி, எட்டி, பின்தலையை அந்த மஞ்சளில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் தேய்த்த எண்ணெய் அவள் நெற்றியோரத்தில் மினுங்கியது. மேல்செங்கலிலிருந்து உதிர்ந்த தூசி அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார்?" என்றார் கொத்தனார். "கலக்கட்டுமா?"

சட்டைப் பைக்குள் கையை விட்டேன். துண்டு இரண்டாகியிருந்தது. விரலால் தேடியபோது மூன்றானது. அத்தை அசையாமல் இருந்தாள். அவளுடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கொத்தனார் வாளியைத் தரையில் வைத்து, கம்பியை அதன் விளிம்பில் சாய்த்துவிட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.